கதையின் மையக்கருத்தைப் பிடிப்பதும் எழுத்தில் கொண்டுவருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை வாசிப்பவர்கள், வகுப்பில் விரிவானம் நடத்தும் ஆசிரியர்கள், முதல் சிறுகதையை எழுதிக்கொண்டிருப்பவர்கள் என மூன்று தரப்பினரும் மையக்கருத்து பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் எல்லாம் தமிழில் எளிதாகக் கிடைக்கும் படைப்புகள். முடிவைத் தொடாமல் மையக்கருத்தைப் பேச வழியில்லை. அதனால் பல கதைகளின் முடிவு இங்கே வெளிப்படையாக வரும். படிக்காதவர்கள் கதையை முதலில் படித்துவிடுவது நல்லது.

மையக்கருத்து என்று எதைச் சொல்கிறோம்? கதைச்சுருக்கம், நீதி என்பதெல்லாம் அதுதானா?

மூன்றும் வேறு வேறு. கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏழை வீட்டுக் கதவில் பிள்ளைகள் ஏறி நின்று பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் அந்தக் கதவு கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்த பிள்ளைகள் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். இது கதைச்சுருக்கம். என்ன நடந்தது என்பதோடு நின்றுவிடுகிறது.

வறுமை என்பது இந்தக் கதையின் பேசுபொருள். அந்த வறுமையைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. என் வாசிப்பில் அதை இப்படி எழுதுவேன்: இல்லாதவர்களிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்கும் அதிகாரம் பாக்கித் தொகையை மட்டும்தான் பார்க்கிறது, அந்தப் பொருளோடு சேர்ந்து போகும் பாதுகாப்பும் விளையாட்டும் உயிரும் அதன் கணக்கில் வருவதே இல்லை.

நீதி என்பது வாசகருக்குச் சொல்லும் புத்திமதி. 'கதவு' யாரிடமும் எதையும் செய்யச் சொல்லவில்லை. வலிந்து ஒரு நீதியை எடுத்தால் 'வரியை ஒழுங்காகக் கட்ட வேண்டும்' என்ற இடத்தில்தான் போய் நிற்போம். அது கதைக்கே எதிரானது. நீதிக்கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'இந்தக் கதையிலிருந்து தெரிந்துகொள்வது என்ன?' என்று கேட்டே பழகியதால் எல்லாக் கதைகளிடமும் அதையே கேட்கிறோம். 'இந்தக் கதை எதைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

காதல், தியாகம், கற்பு என்று ஒரே சொல்லில் சொன்னால் போதாதா?

போதாது. காரணத்தைப் புதுமைப்பித்தனை வைத்தே சொல்லலாம். அவர் அகலிகை கதையை இரண்டு முறை எழுதினார். 'அகல்யை' 1934-இல் வந்தது. 'சாப விமோசனம்' 1943-இல் வந்தது. எழுதியவர் ஒருவரே, எடுத்துக்கொண்ட தொன்மமும் ஒன்றே. 'கற்பு' என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு கதைகளுக்கும் மேலே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் இரண்டுக்கும் நடுவில் அந்த எழுத்தாளர் கடந்து வந்த தூரம் முழுக்க மறைந்துவிடும்.

முதல் கதையில் கோதமன் மன்னிக்கிறான். மனம் தூய்மையாக இருக்கும்போது உடலுக்கு நேர்ந்தது அவள் குற்றமல்ல என்ற இடத்தில் கதை வந்து சேர்கிறது. 1930-களில் அதுவே துணிச்சலான நிலைப்பாடு. இரண்டாவது கதை, ராமனின் பாதம் பட்டு அகலிகை மீண்ட பிறகு என்ன ஆனது என்று தொடர்கிறது. மன்னித்த பிறகும் கோதமனால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. மன்னிக்கப்பட்ட அகலிகையாலும் முடியவில்லை. வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீக்குளித்த செய்தியை அகலிகையிடம் சொல்கிறாள். தனக்கு விமோசனம் தந்த ராமனே சீதையிடம் நிரூபணம் கேட்டான் என்று தெரிந்ததும் அகலிகைக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போகிறது. கடைசியில் அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

இரண்டாவது கதையின் மையக்கருத்தை நான் இப்படிச் சொல்வேன்: ஒரு பெண்ணுக்கு மன்னிப்பும் இன்னொரு பெண்ணுக்குச் சோதனையும் வைக்கும் நீதி, கொடுத்த மன்னிப்பையும் செல்லாததாக்கிவிடுகிறது. கற்பு என்ற சொல்லில் இதில் ஒரு துளிகூட இல்லை. மையக்கருத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வாக்கியமாக எழுதும்போது எழுவாயும் பயனிலையும் தேவைப்படுகின்றன. யார், யாருக்கு, என்ன ஆகிறது என்று நாம் முடிவெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

சரி, படிக்கும்போது எங்கே தேடுவது?

நான் முதலில் தேடுவது திரும்பத் திரும்ப வருவதை. ஒரு பொருள், ஒரு செயல், பேச்சில் ஓர் அமைப்பு, எதுவாகவும் இருக்கலாம். அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா, எந்த முறை மாறுகிறது என்று பார்ப்பேன். மாறும் இடத்தில் மையக்கருத்து பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

இதற்கு கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' போல இன்னொரு கதை எனக்குத் தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பணக்கார வீட்டுப் பையன் ராமசாமியும் போட்டி போடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் படம் பார்ப்பதில் தொடங்கும் போட்டி, 'எங்கள் வீட்டில் இது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா?' என்று வளர்கிறது. குழந்தைகளின் சாதாரண விளையாட்டாகத்தான் படிக்கிறோம். தீபாவளி சமயத்தில் ஓர் அநாதைப் பையன் அந்த ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு. பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். அப்பாவுக்கென்று வைத்திருந்த துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறார்கள். மறுநாள் ராமசாமி, ஜமீன்தாரான தன் அக்கா புருஷன் வந்திருப்பதை 'எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார்' என்று பெருமையாகச் சொல்கிறான். சிறுமி மங்கம்மாள் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று பதில் சொல்கிறாள்.

கதை முழுக்க வந்த அதே போட்டி அமைப்புதான் இங்கும் வருகிறது. ஆனால் இதுவரை 'இருப்பதை'க் காட்டிய பேச்சு, இப்போது 'கொடுத்ததை'க் காட்டுகிறது. மங்கம்மாளுக்கு அது தெரியாது. அவள் போட்டியில் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். வாசகருக்குத்தான் தெரியும். விருந்தாளியை ராஜாவாக்குவது அவன் அந்தஸ்து அல்ல, வரவேற்கும் வீட்டின் மனசு என்று அழகிரிசாமி ஓரிடத்தில்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கதையை எத்தனை பேர் இன்றுவரை நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரியாது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பாத்திரங்கள் எடுக்கும் முடிவு. எதை விட்டுக்கொடுத்து எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள்? மேலே சொன்ன கதையில் அந்தத் துண்டுதான் விலை. வேறு துணி நிறைய இருந்து அதில் ஒன்றைக் கொடுத்திருந்தால் அது வெறும் தானம். இல்லாத வீட்டில் ஒருவருக்கு வைத்திருந்ததை இன்னொருவருக்குக் கொடுப்பதால்தான் அது கதையாகிறது.

முடிவு மாறினால் மையக்கருத்தும் மாறிவிடுமா?

மாறும். தமிழில் இதற்கு ஒரு எழுத்தாளரே சோதனை நடத்திக் காட்டியிருக்கிறார். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் காரில் ஏற்றிப்போகிறான். அவள் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறுகிறாள், பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று மகளைத் தேற்றுகிறாள். கதை பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

பிறகு அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று கேட்கிறது. சம்பவம் அதேதான். தாயின் எதிர்வினை மட்டும் வேறு. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான், நாவலில் கங்கா என்று பெயர்பெறும் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு மாலையின் நிழலில் கழிகிறது. இந்த நாவலுக்கு 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சிறுகதையின் மையக்கருத்து, களங்கம் என்பது உடலில் ஒட்டுவதல்ல, அதைக் கழுவிவிடும் அதிகாரம் அன்புக்கு உண்டு என்பது. நாவலின் மையக்கருத்தோ, நடந்த சம்பவத்தைவிட அதற்குச் சுற்றியிருப்பவர்கள் சூட்டும் பெயர்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பது. அதனால் ஒரு கதையின் மையக்கருத்து பிடிபடாவிட்டால் மனதுக்குள் முடிவை மாற்றி எழுதிப் பாருங்கள். மாற்றியதும் கதையில் எது செத்துப்போகிறதோ, அதுதான் நீங்கள் தேடியது.

ஒரு கதைக்கு ஒரே ஒரு மையக்கருத்துதானா?

சிறுகதையில் பெரும்பாலும் ஒன்றுதான் தூக்கி நிற்கும். பெரிய படைப்பில் பல இருக்கும். சிலப்பதிகாரத்தின் பதிகம் மூன்றைத் தானே எண்ணிச் சொல்லிவிடுகிறது: அரசியலில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர், ஊழ்வினை தவறாமல் வந்து தன் பயனை ஊட்டும்.

அப்படி முதலிலேயே சொல்லிவிட்டால் காப்பியத்தைப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வழக்குரை காதைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருக்க வேண்டிய முத்து வரவில்லை, மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியனை யாரும் தண்டிக்கவில்லை. தானே கள்வன் என்று உணர்ந்த அந்த நொடியில் அவன் உயிர் போகிறது. அறம் எமனாவது என்றால் என்ன என்பதைப் பதிகம் சொல்லியது. காதையோ அதை நம் கண்முன் நடத்திக் காட்டுகிறது. அது மட்டுமல்ல, மாதவியின் துக்கமும் துறவும் அந்த மூன்று உண்மைகளில் எதற்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. ஆசிரியர் வகுத்த மையக்கருத்தையும் தாண்டிப் படைப்பு வளரும் என்பதற்கு இதைவிடப் பழைய, வலுவான உதாரணம் தேவையில்லை.

எனக்குத் தோன்றுவதையெல்லாம் மையக்கருத்து என்று சொல்லலாமா? ஆசிரியர் அதை நினைத்திருக்காவிட்டால்?

ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிரதி தாங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் வாக்கியத்துக்குக் கதையின் தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் சான்றாகக் காட்ட முடிகிறதா? அதற்கு எதிராகக் கதையில் எதுவும் வலுவாக நிற்கிறதா? இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால் உங்கள் வாசிப்பு நிற்கும். இருவர் ஒரே கதைக்கு வேறு வேறு மையக்கருத்து சொல்லலாம், இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் எல்லா வாசிப்பும் சரி என்று ஆகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் குறியீடாக்கும் பழக்கம் வாசிப்பைக் கெடுத்துவிடும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் (1973) தண்ணீரை உடனே வாழ்க்கை, அன்பு, ஈரம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அந்த அர்த்தங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். சென்னைத் தெருவில் குடத்தோடு அலையும் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த அலைச்சலைக் கவனிக்காமல் நேரே குறியீட்டுக்குத் தாவினால், நாவலின் நாயகி ஜமுனாவின் கஷ்டமும் தெருவின் கஷ்டமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது தெரியாமலே போய்விடும்.

எழுதத் தொடங்கும் முன்பே மையக்கருத்தை முடிவு செய்துவிட வேண்டுமா?

கேள்வியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. 'முதியோரைக் கைவிடக் கூடாது' என்று முடிவெடுத்துவிட்டு எழுதினால், மகன் கெட்டவனாகவும் அப்பா கண்ணீராகவும் ஆகிவிடுவார்கள். இரண்டு பேருமே மனிதர்களாக இருக்க மாட்டார்கள். அதையே 'அப்பாவை நேசிக்கும் ஒரு மகன், எந்த நிலைமையில் அவரை இல்லத்தில் கொண்டுபோய் விடுவான்?' என்று கேட்டுக்கொண்டு எழுதிப் பாருங்கள். மகனுக்கு ஒரு நியாயம் தேவைப்படும். மருமகளின் வேலை நேரம், வீட்டின் அளவு, அப்பாவின் மறதி, அவருடைய பிடிவாதம் எல்லாம் உள்ளே வரும். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது.

எழுதி முடித்த பிறகு கதை வேறெதையோ சொல்லியிருப்பது தெரியலாம். அப்போது கதையின் பக்கம் நில்லுங்கள். திருத்தி எழுதும்போது, கதை தானாகக் கண்டடைந்த விஷயத்துக்குத் துணை செய்யாத காட்சிகளை எடுத்துவிடுங்கள், பழைய நோக்கத்துக்காக நுழைத்த வசனங்கள் உட்பட.

சொல்லாமல் உணர்த்துவது எப்படி?

இதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பார்க்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், விலங்கு, தொழில் போன்றவை கருப்பொருள். புணர்தல், பிரிதல் போன்ற மனித உணர்வு உரிப்பொருள். உரிப்பொருள்தான் பாடலின் உயிர், ஆனால் அதை ஏந்தி வருவது பெரும்பாலும் கருப்பொருள்.

ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8-ஆம் பாடலைப் பாருங்கள். பேசுபவள் பரத்தை. தலைவனின் ஊரைச் சொல்லும்போது, வயலோரத்து மாமரத்திலிருந்து தானாகப் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் என்கிறாள். ஊர் வர்ணனை மாதிரிதான் இருக்கிறது. அவனை நான் இழுக்கவில்லை, அவனாக வந்து விழுந்தான் என்பது அதற்குள் இருக்கிறது. அடுத்து, இங்கே பெரிய பேச்சுப் பேசியவன் அங்கே தன் மகனின் தாய்க்கு முன்னால், நாம் கைகால் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி ஆடுகிறான் என்கிறாள். ஆறே அடிகளில் ஓர் ஆணின் முதுகெலும்பில்லாத தன்மை முழுக்க வந்துவிடுகிறது. அவன் கோழை என்று பாட்டில் எங்கும் இல்லை.

இன்று எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் கதை நடக்கும் இடத்திலேயே இருக்கும் ஒரு பொருளைப் பிடியுங்கள். வெளியிலிருந்து குறியீடு கொண்டுவராதீர்கள். அந்தப் பொருளுக்குக் கதையில் நிஜமான வேலை இருக்கட்டும். 'கதவு' கதையில் கதவு முதலில் பஸ், பிறகு பாக்கிக்குப் பிணை, பிறகு குளிருக்கு இல்லாமல் போன தடுப்பு, கடைசியில் திரும்பக் கிடைத்த சொந்தம். நான்கும் அந்த ஒரே மரக்கதவுதான். குறியீடாக இரு என்று கி.ரா. அதனிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

பாத்திரத்தின் வாயால் மையக்கருத்தைச் சொல்லவே கூடாதா?

கூடாது என்று சட்டம் இல்லை. 1934-இல் மணிக்கொடி இதழில் வந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' ஆசிரியரே நேராக வாசகரைப் பார்த்துப் பேசுவதோடு முடிகிறது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காக அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பு பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் இதுதான் பொன்னகரம் என்கிறார் ஆசிரியர். அந்த வரி ஏன் வேலை செய்கிறது? அது கதையைச் சுருக்கிச் சொல்லவில்லை, வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. தவிர, கதை முழுக்க அந்தக் கோபமான குரலில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கடைசியில் திடீரென்று முளைத்ததல்ல.

பாத்திரம் பேசினால், அந்தப் பேச்சு அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டதாக இருக்க வேண்டும். தப்பான ஆள் சொல்லும்போதும், பாதி புரிந்து சொல்லும்போதும் இன்னும் நன்றாக வரும். மங்கம்மாள் அப்படித்தான் சொல்கிறாள்.

தலைப்பிலேயே மையக்கருத்தை வைக்கலாமா?

வைக்கலாம், கதை அதை எதிர்த்துப் பேசினால். 'சாப விமோசனம்' என்ற தலைப்பைக் கதையின் முடிவோடு சேர்த்துப் படியுங்கள். முடிவை அப்படியே சொல்லும் தலைப்பு வேண்டாம்.

தேர்வில் 'மையக்கருத்தை எழுதுக' என்று கேட்டால்?

கதைச்சுருக்கத்தை இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். முதல் வரியிலேயே மையக்கருத்தை முழு வாக்கியமாக வைத்துவிட்டு, அதற்குச் சான்றாக இரண்டு இடங்களை எடுத்துக் காட்டுங்கள். 'மனிதநேயத்தை வலியுறுத்துகிறது' என்ற வாக்கியத்தை எந்தக் கதைக்கும் எழுதலாம், அதனால் எந்தக் கதைக்கும் அது விடையாகாது.

'ராஜா வந்திருக்கிறார்' கேட்கப்பட்டால் நான் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'விருந்தாளியின் மதிப்பை அவனுடைய செல்வம் தருவதில்லை, அவனை ஏற்றுக்கொள்ளும் வீட்டின் பரிவு தருகிறது என்பதே இக்கதையின் மையக்கருத்து. அப்பாவுக்கென்று வைத்திருந்த துண்டை அநாதைச் சிறுவனுக்குக் கொடுக்கும் காட்சியில் இது செயலாக வெளிப்படுகிறது. பொருள்களை ஒப்பிட்டுத் தொடங்கிய குழந்தைகளின் போட்டி, மங்கம்மாளின் கடைசிப் பதிலில் வேறொரு செல்வத்தைக் காட்டி முடிகிறது.' இதில் வாக்கியத்துக்கு வாக்கியம் கதைக்குள் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கிறது. திருத்துபவர் தேடுவதும் அதைத்தான்.